மூத்தவர்கள் விடைபெற்ற பிறகு தற்காப்பு அணியைக் கட்டுவது: கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலில்), தற்காப்பில் ஆடும் பதினொரு பேரில் ஏழெட்டுப் பேர் ஒரே ஆண்டில் படிப்பை முடித்தோ என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை லீகுக்குப் போயோ விடைபெற்றுவிட்டால் அணியை எப்படி மறுபடியும் நிலைநிறுத்துவது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்து விடையளிக்கிறேன்.

கேள்வி: ஒரு மாணவர் எத்தனை ஆண்டுகள் ஆடலாம்? இத்தனை பேர் ஒரே நேரத்தில் கிளம்புவது எப்படி நேர்கிறது?

ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் என்பதே நெடுங்காலமாக இருந்துவரும் விதி. 2018 முதல், ஒருவர் நான்கு ஆட்டங்களுக்கு மிகாமல் ஆடினால் அந்தப் பருவத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம். பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகள் ஆனவர் என்.எஃப்.எல். டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், நுழையலாம். ஆகவே பெருந்திறமை உள்ளவர் மூன்றாம் ஆண்டோடும், மெல்ல முதிர்ந்தவர் நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டோடும் வெளியேறுகிறார். இவ்விரு வகையினரும் ஒரே பருவத்தில் உச்சத்தைத் தொட்டால், அந்தப் பருவம் கோப்பையோடு முடியலாம். அடுத்த பருவத்தின் முதல் நாளில் களத்தில் புதுமுகங்களே நிற்பார்கள்.

கேள்வி: 2021-ல் ஜார்ஜியாவின் தற்காப்பை வரலாற்றிலேயே சிறந்தவற்றுள் ஒன்று என்றார்கள். அவ்வளவு பேரும் போன பிறகு 2022-லும் அவர்கள் கோப்பையை வென்றது எப்படி?

இந்தத் தலைப்பில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2021-ல் அந்த அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துப் புள்ளிகளையே விட்டுக்கொடுத்தது. 2022 டிராஃப்டில் டிராவன் வாக்கர் முதல் இடத்திலேயே எடுக்கப்பட்டார். ஜோர்டன் டேவிஸ், குவே வாக்கர், டெவான்டே வயட், லூயிஸ் சீன் ஆகியோரும் முதல் சுற்றிலேயே போனார்கள். ஒரே தற்காப்பு அணியிலிருந்து முதல் சுற்றில் ஐவர்! களத்தின் நடுவில் நின்று எல்லோரையும் ஒழுங்குபடுத்திய நகோபி டீன் மூன்றாம் சுற்றில் போனார். தற்காப்பை வகுக்கும் பயிற்சியாளரான கோஆர்டினேட்டர் டான் லானிங்கும் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகக் கிளம்பிவிட்டார்.

ஆனால் போனவர்களை எண்ணியவர்கள் இருந்தவர்களை எண்ணத் தவறினார்கள். ஜேலன் கார்ட்டர் 2021-ல் மாற்று ஆட்டக்காரராக இருந்தபடியே ஏராளமாக ஆடியவர். அலபாமாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் ஒரு ஃபீல்டு கோலை (புள்ளிக்காகக் கம்பங்களுக்கு இடையே உதைக்கும் பந்தை) தடுத்தவர். அதே ஆட்டத்தில் பந்தைப் பறித்து 79 யார்டு ஓடிய கீலீ ரிங்கோவும், பின்வரிசையின் ஆழத்தில் நிற்கும் சேஃப்டியான கிறிஸ்டோபர் ஸ்மித்தும், டிராஃப்டுக்குப் போகாமல் இன்னொரு பருவம் தங்கிய நோலன் ஸ்மித்தும் இருந்தார்கள். முன்வரிசையில் ஒன்று, பின்வரிசையில் இரண்டு, விளிம்பில் ஒன்று என ஒவ்வொரு வரிசையிலும் பெரிய ஆட்டம் ஆடிய ஒருவராவது மிஞ்சியிருந்தார். லானிங்கின் இடத்துக்கு வெளியிலிருந்து யாரையும் அழைக்காமல், ஏற்கெனவே அணியில் இருந்த க்ளென் ஷூமனையும் வில் மஸ்சாம்பையும் தலைமைப் பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட் உயர்த்தினார். ஆட்டமுறையும், களத்தில் கட்டளையிடப் பயன்படும் குறிச்சொற்களும் அப்படியே தொடர்ந்தன.

2022 செப்டம்பர் 3 அன்று அட்லாண்டாவில் லானிங்கின் ஓரிகனையே 49-3 என்று வென்று பருவத்தைத் தொடங்கினார்கள். அன்று புதுமாணவர் மாலக்கி ஸ்டார்க்ஸ் நெடிய பாஸ் ஒன்றைத் தாவிப் பறித்த காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோல்வியே காணாத அந்தப் பருவம் டி.சி.யு. (டெக்சஸ் கிறிஸ்டியன்) அணிக்கு எதிரான தேசிய இறுதியாட்டத்தில் 65-7 என்று முடிந்தது.

இருந்தாலும் 2022-ன் தற்காப்பு 2021-க்கு நிகரானதாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நோலன் ஸ்மித் காயமடைந்து விலகிய பிறகு, எதிரணியில் பாஸ் வீசும் குவார்ட்டர்பேக்கை விரட்டும் வேகம் குறைந்தது. தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் லீகான எஸ்.இ.சி.யின் இறுதியாட்டத்தில் எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்) 500 யார்டுக்கு மேல் பாஸ் வீசியது. அரையிறுதியில் ஒஹாயோ ஸ்டேட் 41 புள்ளிகள் எடுத்து ஒரே புள்ளியில் தோற்றது. மறுகட்டுமானம் வெற்றி பெற்றது என்றால் பழைய அணியே திரும்பி வந்துவிட்டது என்று பொருளல்ல. எந்தக் குறையைத் தாங்கிக்கொள்ளலாம், எதைத் தாங்க முடியாது என்று பயிற்சியாளர்கள் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

கேள்வி: எந்த இடத்தை நிரப்புவது மிகக் கடினம்? விளிம்பிலிருந்து குவார்ட்டர்பேக்கை விரட்டும் பிரபலமான எட்ஜ் ரஷர் போவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

எட்ஜ் ரஷர் போனால் இழப்பு கண்ணுக்குத் தெரியும். முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்கும் மைக் லைன்பேக்கரும் சேஃப்டியும் சேர்ந்து போனால் இழப்பு உடனே தெரியாது. ஆனால் அதுதான் பெரிய இழப்பு. போனவர்களின் வேகத்தையும் எடையையும் மறுபடி தேடிக் கண்டுபிடித்துவிடலாம். களத்தில் அவர்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு ஸ்னாப்பை, அதாவது பந்து பின்னால் தரப்பட்டு ஆட்டம் தொடங்கும் ஒரு தருணத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணி இடப்பக்கம் பாஸைப் பிடிக்கும் ரிசீவர்கள் மூவரை நிறுத்துகிறது. மைக் கையைத் தூக்கி, வலுவான பக்கம் எது என்று உரக்கச் சொல்லி, முன்வரிசையின் நடுவில் குனிந்து நிற்கும் டேக்கிளின் இடுப்பில் தட்டி அவரை ஓர் இடைவெளி நகர்த்துகிறார். அதற்குள் உட்பக்க ரிசீவர் வலப்பக்கம் ஓடத் தொடங்குகிறார். ஒரு சேஃப்டி தான் கீழே இறங்குவதாகக் கைகாட்ட வேண்டும். மற்றவர் அதைப் பார்த்து நடுவுக்குப் போக வேண்டும். ஓரத்தில் ரிசீவரைக் காக்கும் கார்னர், ஆளைத் தொடர்வதா, இடத்தைக் காப்பதா என்பதை அந்தக் கைச்சைகையிலிருந்து அறிந்துகொள்ள வேண்டும். மைக் மீண்டும் ஓர் அடி நகர வேண்டும். இவ்வளவும் இரண்டு மூன்று நொடிகளுக்குள். இருபது ஆட்டங்கள் சேர்ந்து ஆடியவர்கள் பேசாமலேகூட இதைச் செய்துவிடுவார்கள். புதியவர்களில் ஒருவர் சொல்லத் தயங்கினால், ஒரு ரிசீவர் தனியாக ஓடிக்கொண்டிருப்பார். அரங்கத்தில் உள்ளவர்கள் பக்கத்தில் நின்ற கார்னரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், தவறு பெரும்பாலும் அவருடையதாக இராது.

ஆகவே புதிதாகக் கட்டும்போது நடுக்கோட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: முதலில் டேக்கிள், பிறகு மைக், பிறகு சேஃப்டி. இம்மூவரில் ஒருவராவது பழையவராக இருந்தால் பணி பாதி முடிந்தது.

கேள்வி: இப்போது ஹெல்மெட்டுக்குள்ளேயே பயிற்சியாளரின் குரல் கேட்கிறதே, அனுபவமின்மையை அது ஈடுசெய்யாதா?

ஓரளவுக்கு மட்டும். 2024 முதல் கல்லூரிக் கால்பந்தின் உயர்ந்த பிரிவில் களத்திலுள்ள தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு இந்த வசதி உண்டு. ஆனால் அடுத்த ஸ்னாப்புக்கான கடிகாரத்தில் 15 நொடி மிஞ்சியதும், அல்லது அதற்கு முன்பே ஸ்னாப் நடந்துவிட்டால் அப்போதே, இணைப்பு துண்டிக்கப்படும். மேலே சொன்ன ரிசீவர் ஓடத் தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: ஆட்களே புதியவர்கள் என்னும்போது, ஆட்டமுறையையும் புதிதாக மாற்றிவிடுவது நல்லதல்லவா?

இரண்டு எடுத்துக்காட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

எல்.எஸ்.யு. 2019-ல் தேசியக் கோப்பையை வென்றது. அதன் பிறகு பேட்ரிக் குவீன், கிராண்ட் டெல்பிட், கிறிஸ்டியன் ஃபுல்டன், கே'லாவன் சாய்சன் முதலியோர் என்.எஃப்.எல்.லுக்குப் போனார்கள், கோஆர்டினேட்டர் டேவ் அரண்டா பெய்லரின் தலைமைப் பயிற்சியாளரானார். அவருக்குப் பதிலாக வந்த போ பெலினி, முன்வரிசையில் மூவர் நிற்கும் முறையைக் கைவிட்டு நால்வர் நிற்கும் முறைக்கு மாறினார். பெருந்தொற்றால் அந்த ஆண்டின் வசந்தகாலப் பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே நின்றுபோனது. ஆளும் புதிது, முறையும் புதிது, பழகிக்கொள்ள நேரமும் இல்லை. முதல் ஆட்டத்திலேயே மிசிசிப்பி ஸ்டேட்டின் கே.ஜே. காஸ்டெல்லோ 623 யார்டு பாஸ் வீசி எஸ்.இ.சி. சாதனை படைத்தார். ஒரே பருவத்தோடு பெலினி விலக நேர்ந்தது. அன்று டெரெக் ஸ்டிங்லி உடல்நலக் குறைவால் ஆடவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு கார்னர் இருந்திருந்தால் மட்டும் 623 யார்டு நின்றிருக்காது.

க்ளெம்சன் 2018-ல் கோப்பையை வென்ற பிறகு அதன் முன்வரிசை நால்வரும், அதாவது கிளெலின் ஃபெரல், கிறிஸ்டியன் வில்கின்ஸ், டெக்ஸ்டர் லாரன்ஸ், ஆஸ்டின் பிரையன்ட் ஆகியோர், ஒரே டிராஃப்டில் போனார்கள். அவர்களில் மூவர் முதல் சுற்றில். அதே தரத்தில் நால்வரை உடனே உருவாக்க முடியாது என்பதைக் கோஆர்டினேட்டர் பிரென்ட் வெனபிள்ஸ் ஒப்புக்கொண்டு, 2019-ல் பல நேரங்களில் முன்வரிசையில் மூவரை மட்டும் நிறுத்தி, பின்வரிசையில் எஞ்சியிருந்த அனுபவசாலிகளைக் கூட்டினார். ஐசையா சிம்மன்ஸ் ஒரு ஸ்னாப்பில் லைன்பேக்கராகவும் அடுத்த ஸ்னாப்பில் ஆழத்தில் நிற்கும் சேஃப்டியாகவும் ஆடினார். அணி மீண்டும் தேசிய இறுதியாட்டம் வரை சென்று எல்.எஸ்.யு.விடம் 42-25 என்று தோற்றது.

இருவருமே மாற்றம் செய்தவர்கள்தான். வெனபிள்ஸ் பல ஆண்டுகளாகக் கற்பித்துவந்த முறைக்குள்ளேயே, தன்னிடம் இருந்த ஆட்களைப் பார்த்து மாற்றினார். எல்.எஸ்.யு.வில் முறை முதலில் வந்தது. ஆட்கள் அதற்குள் பொருந்த வேண்டியிருந்தது. புதியவர்களிடம் ஐந்து அழைப்புகளை (அந்த ஸ்னாப்பில் எப்படி ஆடுவது என்ற கட்டளைகளை) மட்டும் கொடுத்து அவற்றைத் தவறின்றி ஆடச் செய்வது, முப்பது அழைப்புகளைக் கொடுத்துக் குழப்புவதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புவோர் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் ஆயத்தமான ஆட்களை எடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

கார்னர், எட்ஜ் போன்ற இடங்களுக்குப் பெரும்பாலும் தீரும். நடுக்கோட்டுக்கு எளிதில் தீராது, ஏனென்றால் வருபவர் அணியின் குறிச்சொற்களைக் கற்றுக்கொள்ளும்போதே மற்றவர்களுக்குக் கட்டளையும் இட வேண்டியிருக்கும். இதற்கு அழகான ஒரு விதிவிலக்கு உண்டு. 2023-ல் 3-9 என்று முடித்த இண்டியானா, ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டியை அழைத்தது. கோஆர்டினேட்டர் பிரையன்ட் ஹெய்ன்ஸும், லைன்பேக்கர் ஏடன் ஃபிஷர், மிக்கேல் கமாரா, டி'ஆஞ்சலோ பான்ட்ஸ் உள்ளிட்ட பலரும் அவரோடு வந்தார்கள். அழைப்புகளைச் சொல்பவரும் அவற்றைக் களத்தில் எடுத்துச் செல்பவரும் ஒன்றாகவே வந்ததால், 2024-ல் அணி 11-2 என்று முடித்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முன்பு ஏப்ரலில் இருந்த இரண்டாம் போர்ட்டல் காலம் 2026 முதல் இல்லை. ஜனவரியில் மட்டுமே உண்டு. வசந்தகாலத்தின் 15 பயிற்சிகளில் ஓர் இடம் பலவீனமாக இருப்பது தெரியவந்தால், அதற்குப் பிறகு வெளியே போய் ஆள் பிடிக்க வழியில்லை.

கேள்வி: ஒஹாயோ ஸ்டேட் 2025-ல் எட்டுப் புதுத் தொடக்க ஆட்டக்காரர்களோடு இறங்கியதே, அதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

கோப்பை வென்ற முன்வரிசை நால்வரும் போனார்கள், கோஆர்டினேட்டர் ஜிம் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்குப் போனார், என்.எஃப்.எல்.லில் நீண்ட காலம் இருந்த மேட் பேட்ரிசியா வந்தார். ஆனால் சேஃப்டி கேலப் டவுன்ஸும், லைன்பேக்கர் சன்னி ஸ்டைல்ஸும், கார்னர் டேவிசன் இக்பினோசனும் இருந்தார்கள். நான் மேலே சொன்ன மூன்று இடங்களில் இரண்டு நிரம்பியே இருந்தன. முன்வரிசைக்கு வந்த கேடன் கர்ரியும் கென்யாட்டா ஜாக்சனும் முந்தைய ஆண்டுகளில் மாற்று ஆட்டக்காரர்களாகக் களம் கண்டவர்கள். முதல் ஆட்டத்தில், பருவத்துக்கு முந்தைய பட்டியலில் முதலிடத்தில் இருந்த டெக்சஸை 14-7 என்று மடக்கினார்கள். அதில் கோல் கோட்டருகே கடைசி வாய்ப்பான நான்காம் டவுனில் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங்கை நிறுத்திய ஒரு ஸ்னாப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்: பெரும்பாலும் புதியவர்கள் நின்ற முன்வரிசை ஓர் அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை.

கேள்வி: பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களில் எதைப் பார்த்தால் அணி தேறும் என்று தெரியும்?

புள்ளிப் பலகையை விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் பல அணிகள் பலவீனமான எதிரிகளோடு ஆடும். ஸ்னாப்புக்கு முன் தற்காப்பு ஆட்டக்காரர்கள் பக்கவாட்டுக் கோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்களா, ஒருவரையொருவர் பார்த்துக் கைகாட்டுகிறார்களா என்று கவனியுங்கள். எதிரணி வேகத்தைக் கூட்டும்போது வீணாக டைம்அவுட் கேட்கிறார்களா என்று பாருங்கள். பந்தோடு ஓடுபவரை வீழ்த்த முதல் ஆள் தவறினால் இரண்டாம் ஆள் எத்தனை யார்டுக்குள் வந்து சேர்கிறார் என்பது மிக முக்கியம். ஐந்து யார்டுக்குள் என்றால் எல்லோரும் தத்தம் இடத்தில் இருக்கிறார்கள். கடைசியாக, அணி நன்கு முன்னிலை பெற்ற நான்காம் கால்பகுதியை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். அப்போது களமிறங்கும் இரண்டாம் வரிசையில்தான் அடுத்த ஆண்டின் மைக்கும் சேஃப்டியும் நிற்கிறார்கள்.