சில்லைப் பளபளப்பாக்குவதற்கு முன்னர்

தம்பி, கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், வாங்கிய பழைய காரின் அலுமினியச் சில்லுகள் வெளிறிப் புள்ளி விழுந்திருக்கின்றன, எதைப் பூசினால் பளபளக்கும் என்றும், கூடவே காப்புறுதி எங்கே மலிவு என்றும் கேட்டிருந்தீர்கள். காப்புறுதிக்கு நாலு இடத்தில் விலை கேளுங்கள், அது போதும். சில்லைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் 1994 மாசியில் இதே ஊரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை சில்லுக் கழுவுவது.

அந்தக் கராஜில் ஒரு போத்தலைத் தந்தார்கள், கையுறை தரவில்லை. சில்லுக் கழுவும் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கும். நீர்த்த நிலையில் அது பட்டவுடன் எரியாது. சத்தமில்லாமல் தோலுக்குள் இறங்கி உடம்பின் கல்சியத்தைப் பிடிக்கும், வலி மணிக்கணக்கில் கழித்தே தெரியும். அன்றிரவு விரல் நகத்துக்கு அடியில் எழுந்த வலியோடு, கையைத் தண்ணீர் வாளிக்குள் வைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்று சொல்ல எனக்கு யாரும் இருக்கவில்லை. ஆகவே அந்த அமிலத்தின் பெயரோ, அதே ஆபத்துள்ள அமோனியம் பைபுளோரைட் என்ற பெயரோ போத்தலில் இருந்தால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அடுப்புக் கழுவும் காரமும் வேண்டாம், அது அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைக்கும்.

நீங்கள் காணும் வெள்ளைப் புழு போன்ற கோடுகள் வெளியழுக்கல்ல. கல் பட்டு மேற்பூச்சு உடைந்த இடத்தால், பனி கரைய வீதியில் போடும் உப்பு நுழைந்து, பூச்சுக்கு அடியில் ஊர்ந்து அரித்த தடம் அது. மேலால் மெழுகு தேய்த்துப் பணம் வாங்கிய நம்மவர் ஒருவரை நானும் நம்பியிருக்கிறேன். ஒரு மாதத்தில் கோடுகள் திரும்பின. பூச்சை முழுவதும் உரித்தெடுத்த பிறகு, நனைத்த அரத்தாளால், 400ஆம் இலக்கச் சொரசொரப்பான தாளில் தொடங்கி மென்மையானவை நோக்கி 600, 800, 1000, 1500, 2000 என்று, முந்தைய கீறல் மறையும்வரை ஒவ்வொன்றிலும் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். பிறகு உலோகப் பொலிஷைப் பருத்தித் துணியில் எடுத்துத் தேய்த்தால் துணி கன்னங்கரேலென்று ஆகும். அது அலுமினியமே தேய்ந்து வருவது, பயப்படாதீர்கள். இரும்புக் கம்பிப்பஞ்சைத் தொடவே வேண்டாம், அதன் துகள் பதிந்த இடத்தில் அரிப்புத் தொடங்கும். முடிவில் மீண்டும் பூச்சு அடிக்காவிட்டால் முதல் மழையிலேயே மங்கத் தொடங்கும். குரோம் முலாம் பூசியவற்றுக்கும், கடைசல் இயந்திரம் விட்ட மெல்லிய வரிகள் தெரியும் சில்லுகளுக்கும் இந்த முறை பொருந்தாது. வெடிப்பு இருந்தால் எறிந்துவிடுங்கள்.

விழா மண்டப வாசலில் பளபளக்க வேண்டும் என்று மார்கழியிலும் அலுமினியச் சில்லோடு உப்புக்குள் ஓடும் நம்மவர்களைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. ரயர் விளிம்பு உட்காரும் இடத்தை உப்பு அரித்தால் காற்று மெல்லக் கசியும். சில்லு இரும்பு அச்சோடு ஒட்டிக்கொண்டு கழற்றவே வராது. கியூபெக் மாகாணத்தில் மார்கழி (டிசெம்பர்) 1 முதல் பங்குனி (மார்ச்) 15 வரை பனிக்கால ரயர் சட்டப்படி கட்டாயம். நம் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, என்றாலும் கார்த்திகையிலேயே இரும்புச் சில்லில் பனிக்கால ரயர் பூட்டி, நூறு கிலோமீற்றர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்ப்பது என் வழக்கம்.

1997 சித்திரையில், வாடகை வீட்டு வாசலில், என் முதல் காரின் நாலு சில்லையும் நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் தேய்த்து முடித்தேன். பக்கத்து வீட்டு இத்தாலிய முதியவர் தன் தண்ணீர்க் குழாயை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காரின் இரும்புச் சில்லுகள் இன்னும் என் கராஜில் கிடக்கின்றன. துளைகளின் அளவு உங்கள் காருக்குப் பொருந்தினால் வந்து எடுத்துச் செல்லுங்கள்.