விரலில் 98, பாதத்தில் எவ்வளவு?

(பினாங்கில் காயப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாதி, வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் வந்து பல வருஷமாகிறது. வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண், ஆறவே மாட்டேன் என்கிறது. பாதத்துத் தோலில் ஆக்சிஜன் அளக்க வேண்டும் என்று மருத்துவமனையில் தேதி கொடுத்திருக்கிறார்கள். கோவிட் சமயத்தில் வாங்கிய விரல் கருவி 98 காட்டுகிறது, அப்புறம் எதற்கு இது? ஒட்டும் கருவி சூடாக இருக்குமாம். அவருக்குப் பாதத்தில் உணர்ச்சியே இல்லை. விரலை வெட்டத்தான் இந்த ஏற்பாடு என்று அவர் வர மறுக்கிறார்.
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதலில் அந்த 98-ஐ ஒதுக்கி வையுங்கள். ரத்தச் சிவப்பணுக்கள் எவ்வளவு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போகின்றன என்பதைத்தான் அது சொல்கிறது. அந்த ரத்தம் பாதத்துக்குப் போதுமான அளவு போய்ச் சேருகிறதா என்று அதற்குத் தெரியாது. அடுக்குமாடியின் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், உங்கள் வீட்டுக் குழாயில் மட்டும் சொட்டும், இல்லையா? அப்படித்தான். கருவியைக் கால்விரலில் மாட்டிப் பார்த்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

தோலில் ஒட்டும் கருவி வேறு வகை. அதன் அடிப்படை 1950களில் அமெரிக்கரான லேலண்ட் கிளார்க் உருவாக்கிய, ஆக்சிஜனை அளக்கும் மின்முனை. 1970களில் ஜெர்மனியில் அதைச் சூடாக்கி, பச்சைக் குழந்தைகளின் தோலில் வைத்து அளக்கத் தொடங்கினார்கள். குழந்தைகளுக்கென்று வந்தது இன்றைக்கு நம் ஆட்களின் கால்களுக்கு உதவுகிறது. வெளிச்சத்தைப் பாய்ச்சி அளக்கும் விரல் கருவி கறுத்த தோலில் சில நேரம் கூட்டிக் காட்டிவிடும். இதில் வெளிச்சம் கிடையாது. தோல் வழியாகக் கசிந்து வரும் ஆக்சிஜனையே அளக்கிறது, அதனால் நம் நிறம் அதற்கு ஒரு பொருட்டில்லை.

சூடு எதற்கு? சாதாரணமாகத் தோலுக்கு வெளியே வரும் ஆக்சிஜன் மிகக் குறைவு. 44, 45 டிகிரிக்குச் சூடாக்கினால் அடியில் உள்ள நுண்குழாய்கள் விரியும், ஆக்சிஜன் மேலே வரும். புண்ணின் மேல் ஒட்ட மாட்டார்கள். பக்கத்தில் நல்ல தோலாகப் பார்த்து, துடைத்து, ஒரு வளையத்தை ஒட்டி, சில சொட்டுத் திரவம் விட்டுக் கருவியைப் பொருத்துவார்கள். எண் நிலைக்குவர 15, 20 நிமிடம் ஆகும். கழற்றியதும் வட்டமாகச் சிவந்திருக்கும், பெரும்பாலும் தானே மறைந்துவிடும். கொப்புளம் வருவது அபூர்வம். ஆனால் உங்கள் வீட்டுக்காரருக்குச் சுட்டாலும் தெரியாது என்பதால், உணர்ச்சி இல்லை என்று மிஸ்ஸியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் சூட்டையும் நேரத்தையும் பார்த்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தபின் அந்த இடத்தை நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

அன்று காலையில் சிகரெட், கோப்பி இரண்டும் வேண்டாம். நம் மருத்துவமனைகளின் ஏர்கோன் குளிர் உங்களுக்குத் தெரியும். உடம்பு குளிர்ந்தால் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கி, எண் பொய்யாக இறங்கிவிடும். ஒரு கைலியோ போர்வையோ கொண்டு போங்கள்.

எண் என்ன சொல்லும்? அளவு மில்லிமீட்டர் பாதரசத்தில் வரும். நல்ல பாதத்தில் பொதுவாக 50-க்கு மேல் இருக்கும். 40-க்கு மேல் இருந்தால் புண் ஆறும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. 30-க்குக் கீழே போனால் ரத்த ஓட்டம் ரொம்பவும் குறைந்துவிட்டது என்று பொருள். ஆனால் அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அழ ஆரம்பிக்காதீர்கள். பாதம் வீங்கியிருந்தால், கிருமி பிடித்திருந்தால், தோல் காய்த்துப் போயிருந்தால் குழாய் நன்றாக இருந்தும் எண் குறையும். இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்க்க நெஞ்சிலும் ஒரு கருவி ஒட்டுவார்கள். நெஞ்சிலேயே குறைவாக இருந்தால் கோளாறு காலில் மட்டும் இல்லை, நுரையீரலையோ இதயத்தையோ பார்க்க வேண்டும். "நெஞ்சில் எவ்வளவு வந்தது?" என்று கேளுங்கள். பலர் கேட்பதில்லை.

விரலை வெட்டுகிற பயத்துக்கு வருகிறேன். எண் குறைவாக வந்தால் அடுத்த படி ரத்தக்குழாய் அறுவை நிபுணர். அடைப்பு எங்கே என்று ஸ்கேனில் பார்த்து, பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ ஓட்டத்தைத் திருப்ப முடியுமா என்று அவர் முடிவு செய்வார். ஒருவேளை வெட்டியே ஆக வேண்டும் என்றாலும், எந்த இடத்தில் வெட்டினால் காயம் ஆறும் என்று கணிக்க இந்த அளவு உதவுகிறது. அளக்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் விரலுக்கு ஆபத்து. அவர் கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கேள்வி: கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்த்ததில் எனக்கு 1.45 வந்தது. கூடுதலாக இருப்பது நல்லதுதானே? டாக்டர் நம்ப முடியாது என்கிறார்.
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: டாக்டர் சொல்வது சரி. 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். 1.4-ஐத் தாண்டினால் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, அழுத்தம் பார்க்கக் கட்டும் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் அமுங்கவில்லை என்று அர்த்தம். இனிப்பு நீர்க்காரர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது சகஜம். அதற்குப் பின்னால் அடைப்பு ஒளிந்திருக்கலாம். கால்விரல் அழுத்தமோ மேலே சொன்ன தோல் ஆக்சிஜனோ அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பாதத்தில் 34 வந்தது. புண் சின்னதுதான். தைப்பூசத்துக்கு வெறுங்காலில் தண்ணீர்மலை ஏறலாமா?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: வேண்டாம். புண் இல்லாத தோலை உயிரோடு வைத்திருக்க 34 போதலாம், புண்ணை ஆற்ற அதைவிடக் கூடுதல் ஆக்சிஜன் தேவை. சுடுகிற தார்ச் சாலையில் இன்னொரு புண் வந்தால் அதற்கு எங்கே போவது? நேர்த்திக்கடனை நீங்கள் செலுத்துங்கள், அப்பா காலணியோடு கீழே தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து மோர் ஊற்றட்டும். ரத்தக்குழாய் நிபுணரிடம் பூசத்துக்கு முன்பாகவே தேதி வாங்கிவிடுங்கள்.