புதுப் படகு வந்தால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொச்சி வாட்டர் மெட்ரோவில் சக்கர நாற்காலி அப்படியே படகுக்குள் போகிறது. கன்னியாகுமரிக்கும் அதே படகை வாங்கினால் என்ன? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: படகை வாங்கிவிடலாம், அந்த வசதி கூடவே வராது. அது படகின் வேலை அல்ல, மிதவைப் படகுத்துறையின், அதாவது நீரில் மிதக்கும் மேடையின் வேலை. கான்கிரீட் துறை அசையாமல் நிற்க, நீர்மட்டம் ஓதத்தோடு ஏறி இறங்கும். காலையில் சமமாக இருந்த இடம் மாலையில் ஒரு படி பள்ளமாகிவிடும். மிதவையோ நீரோடு சேர்ந்தே ஏறி இறங்கும். கரையிலிருந்து மிதவைக்குப் போகும் பாலம் மட்டும்தான் சரியும். சக்கர நாற்காலிக்கு அந்தச் சரிவு 1:12 இருக்க வேண்டும். ஒரு மீட்டர் இறக்கத்துக்கு 12 மீட்டர் நீளப் பாலம் தேவை. இடமில்லை என்று 6 மீட்டரில் முடித்தால், நீர் வற்றும் நேரத்தில் நாற்காலியை இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டிவரும்.

மிதவையை இரும்புத் தூண்களோடு பிடித்துவைப்பவை உருளைகள். சிப்பி ஒட்டியோ துருவேறியோ அவை இறுகினால் மிதவை ஒருபக்கம் தொங்கிவிடும். அதனால் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் டெண்டரிலேயே சேர்க்க வேண்டும். பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

இன்னொன்று: கொச்சிப் படகு காயலுக்குச் செய்தது. குமரியில் இருப்பது திறந்த கடல். அலைத்தடுப்பு இல்லாமல் அங்கே மிதவை போட்டால் கொக்கியும் உருளையும் ஒரு பருவமழைக்குத் தாங்குவதே சந்தேகம். வள்ளுவர் சிலைக்குப் படகு போகாத நாள்களுக்கும் காரணம் பழைய படகு அல்ல; நீர் தாழ்ந்தால் பாறைகளுக்கிடையே ஆழம் போதாது. அதைத் தீர்த்தது விவேகானந்தர் பாறையிலிருந்து சிலைக்கு 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம்.

கேள்வி: எங்கள் கடவில் அக்கரை போக 15 நிமிடம். நெரிசலில் மணிக்கு 200 பேர். எத்தனை படகு வேண்டும்? (வாசகர், கொல்லம்)

பதில்: மூன்று. போக 15, வர 15, இரு கரையிலும் ஏற்றி இறக்கப் பத்துப் பத்து: ஒரு சுற்று 50 நிமிடம். இரண்டு படகு ஓடினால் 25 நிமிடத்துக்கு ஒன்று. 100 பேர் படகென்றால் மணிக்கு 240 பேர். மூன்றாவது, ஒன்று பழுதுக்குக் கரையேறும்போது ஓட. அதை ஆடம்பரம் என்று வெட்டினால் பழுதுபார்க்கும் காலம் முழுக்க 50 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: பணம் யார் தருவார்கள்? (வாசகர், வாத்துருத்தி)

பதில்: வாட்டர் மெட்ரோவுக்குக் கேரள அரசின் பங்கோடு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கிக் கடனும் வந்தது. திட்டம் 78 படகு, 38 படகுத்துறை. படகுத்துறைகளுக்கு மத்திய அரசின் துறைமுக வளர்ச்சித் திட்டமான சாகர்மாலாவிலும் கேட்கலாம். ஆனால் இவையெல்லாம் கட்டுவதற்கும் வாங்குவதற்குமான பணம். மணல் தூர்வாருவது, அடிப்பாகம் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, மின்படகென்றால் ஆயுள் முடிந்த பேட்டரியை மாற்றுவது எல்லாம் நடப்புச் செலவு. டிக்கெட் காசில் இவ்வளவும் அடங்குவது கடினம். மதிப்பீட்டுப் பிரதி கையில் கிடைத்தால் முதலில் தூர்வாரும் தொகை எந்தக் கணக்குத் தலைப்பில் இருக்கிறது என்று பாருங்கள்.