குழந்தைகளின் ரத்தக்குழாய்க் கோளாறும் சிடி ஸ்கேனும்: கேள்வி பதில்

கேள்வி: எட்டு மாதக் குழந்தை. மூச்சு விடும்போது எப்போதும் கர்ரென்று சத்தம். எக்கோ (இதய ஸ்கேன்) நார்மல். இப்போது ரத்தக்குழாய்களைப் பார்க்க சிடி ஆஞ்சியோ எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா டாக்டர்?

பதில்: தேவைதான். சில குழந்தைகளுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவு இரண்டாகப் பிரிந்து, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சுற்றி இறுக்கும். எக்கோவின் ஒலி அலை காற்றைத் தாண்டாது; அதனால் மூச்சுக்குழாய்க்குப் பின்னால் ஓடும் தமனி கண்ணில் படாமல் போகலாம். சிடியில் தமனியும் தெரியும், மூச்சுக்குழாய் எந்த இடத்தில் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதும் தெரியும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரட்டை வளைவில் ஒரு பகுதி அடைத்துப்போய் வெறும் நாராக இருந்தால், ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக ஊசியில் ஏற்றும் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து அதற்குள் போகாது; படத்திலும் வராது. அப்போது கழுத்துக்கும் கைகளுக்கும் போகும் நான்கு தமனிகளும் மூச்சுக்குழாயின் இருபுறமும் சமச்சீராக நிற்கின்றனவா என்று பார்த்துத்தான் அந்த நாரை ஊகிக்கிறோம். குழந்தைகள் படம் பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: கதிர்வீச்சால் ஆபத்து வராதா?

பதில்: சிறிய ஆபத்து உண்டு. சின்னக் குழந்தைக்கு எக்ஸ்ரே குழாயில் 70, 80 கிலோவோல்ட் மின்னழுத்தம் போதும். கதிர்வீச்சும் குறையும், அயோடினும் பளிச்சென்று தெரியும். பெரியவர்களுக்கான செட்டிங்கில் எடுக்க விடாதீர்கள். முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வி: கதிர்வீச்சே இல்லாத எம்ஆர்ஐ இருக்கிறதே?

பதில்: கைக்குழந்தை அரை மணி, முக்கால் மணி நேரம் அசையாமல் கிடக்காது; பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டும். மூச்சுக்குழாய் நெருக்கப்பட்ட குழந்தைக்கு அந்த மயக்கமே ஆபத்து. வேகமான சிடியில் படம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன். ரத்த ஓட்டத்தை அளக்க எம்ஆர்ஐதானே?

பதில்: அளக்க வேண்டுமென்றால் அதுதான். பெருந்தமனிச் சுருக்கத்துக்கு அறுவை சிகிச்சை முடிந்து, சொன்னபடி படுத்திருக்கும் வயதுப் பிள்ளைக்கு நானே எம்ஆர்ஐதான் எழுதுவேன். மூச்சுத் திணறும் கைக்குழந்தையின் கதை வேறு.

கேள்வி: சிடி எடுத்தால் கதிர்வீச்சு...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்குக் காலில் நரம்புச் சுருள் (வெரிகோஸ் வெயின்).

பதில்: ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.

கேள்வி: ரிப்போர்ட்டை அனுப்பினால் இன்னொரு கருத்து சொல்வீர்களா?

பதில்: தாளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முழுப் படமும் பதிந்த வட்டை வாங்கிக்கொண்டு ஒரு நிபுணரிடம் நேரில் போங்கள். படம் கையில் இருந்தால் பெரும்பாலும் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்காது. சரி, கதிர்வீச்சு பற்றிக் கேட்ட எல்லோருக்கும் இதுவும் பதில்தான்.