ஏழு முறை, இருவராக நிற்க

அன்புள்ள சார்,

நான் மூன்று வருடமாக நெதர்லாந்தில், ஐந்தோவனில் வேலை பார்க்கிறேன். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெரியவரின் மனைவி தவறிவிட்டார். சாம்பல் நிறக் கரை போட்ட உறையில் தபாலில் ஓர் அட்டை வந்தது. பெயர், தேதி, அடக்கம் நடக்கும் நேரம். அதற்கெல்லாம் மேலே, தலைப்பில்லாமல் பத்து வரிக் கவிதை. கீழே ஈடா கெர்ஹார்ட் என்று இருந்தது. என் டச்சு அரைகுறைதான். அகராதியை வைத்துக்கொண்டு படித்து முடித்தபோது கண் கலங்கிவிட்டது. ஆபீஸில் கேட்டால், "அந்த லத்தீன் டீச்சரா? ஸ்கூலில் மனப்பாடம் செய்யவைத்து உயிரை எடுத்தார்கள்" என்று சிரிக்கிறார்கள். ஒரு லத்தீன் பண்டிதரால் இவ்வளவு எளிமையாக எழுத முடியுமா? இது அவர் கணவருக்காக எழுதியதா? அவரை எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

எம்.

அன்புள்ள எம்.,

நடுக்கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கெர்ஹார்ட் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய வாழ்க்கைத் துணை மரி வான் டெர் ஸைட என்ற பெண். அவரும் இலக்கிய அறிஞர். ஆனால் கவிதை அவருக்கான இரங்கலும் அல்ல. மரி இறந்தது 1990-இல். கவிதை அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியது. அதன் தலைப்பு 'இறந்தவர்'. உங்களுக்கு வந்த அட்டையில் அதை விட்டுவிட்டது நல்லதுதான். சாவு அட்டையில் அந்தத் தலைப்பு எதற்கு?

இப்போது அந்தப் பத்து வரியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து வரியில் 'நான்' இருக்கிறதா பாருங்கள். இல்லை. 'சுற்றுவேன்' என்று யாரும் சொல்லவில்லை. 'ஏழு முறை பூமியைச் சுற்றிவர' என்று வினை முடியாமல் தொங்குகிறது. கையும் காலும் ஊன்றித் தவழ்ந்துதான் போகவேண்டும் என்றாலும் சரி, அங்கே சிரித்தபடி காத்து நிற்கக்கூடிய அந்த ஒருவரைப் பார்க்க, ஏழு முறை சுற்றிவர. அவ்வளவுதான். யார் போகிறார்கள், போக முடியுமா, ஒன்றும் கிடையாது. நம் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் இந்த இடத்தில் அப்படியே பொருந்துகிறது. 'சுற்றிவருவேன்' என்று மொழிபெயர்த்தால் போச்சு, சினிமாக் காதலன் சபதம் போடுவதுபோல ஆகிவிடும்.

'என்னை' என்ற சொல் ஏழாவது வரியில்தான் வருகிறது. உடம்பில் போதிய துணிகூட இல்லாமல் கடல்களைத் தாண்டவேண்டும் என்றாலும் அது என்னை என்ன செய்துவிடும் என்ற இடத்தில். 'சாவு' அதற்கும் அடுத்த வரி வரை காத்திருக்கிறது. அதுவரை படிப்பவர், தூர ஊரில் இருக்கும் ஒருவரைப் பற்றிய பாட்டு என்றே நினைத்துக்கொண்டு வரலாம். இன்னொன்றும் உண்டு. 'அந்த ஒருவர்' என்ற சொல்லில் ஆணா பெண்ணா என்பது இல்லை, தமிழில் இல்லாதது போலவே. கணவனை இழந்தவளும் அச்சிடலாம், மனைவியை இழந்தவரும் அச்சிடலாம், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் அச்சிடலாம்.

இந்த எளிமை லத்தீன் தெரிந்திருந்தும் வந்ததல்ல, தெரிந்திருந்ததால்தான் வந்தது என்பது என் கட்சி. லத்தீன் வகுப்பில் வேலையே அதுதான்: வினை எங்கே, எழுவாய் எங்கே, இந்தச் சொல் ஏன் இந்த உருவில் நிற்கிறது? ஒரு சொல்லைக்கூடக் கணக்கில் வராமல் விடமுடியாது. இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளிடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, எழுவாயை எடுத்துவிட்டால் வாக்கியத்துக்கு என்ன ஆகும் என்பது கைப்பழக்கம்.

அவர் பிறந்தது 1905 மே 11, ஆற்றங்கரை ஊரான கோரின்ஹெமில். (எழுதுவது அப்படி, வாயில் வருவது 'கோர்கம்'. மூன்று வருடத்தில் உங்களுக்கு இது பழகியிருக்கும்.) அக்கா த்ரூஸும் கவிஞர். தங்கை மியா இலக்கிய ஆய்வாளர். அம்மாவிடம் அன்பு கிடைக்காத பிள்ளைப்பருவம். 1955-இல் வந்த தொகுப்பில் அதைச் சற்றும் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார். அம்மாவைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் எந்த நாட்டிலும் இருப்பார்கள்.

ரோட்டர்டாமில் எராஸ்மஸ் பெயரிலான பள்ளியில் அவருக்குப் பாடம் எடுத்தவர் லேயோபோல்ட். டச்சுக் கவிதையில் பெரிய பெயர். காது மந்தமாகிக்கொண்டே போன, தனியாக வாழ்ந்த மனிதர். பகலில் கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக்கொடுப்பார். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் கிரேக்க மூலத்தை ஆக்ஸ்ஃபோர்டுக்காகப் பதிப்பித்தவர் அவர்தான், 1908-இல். அவருடைய ஒரு கவிதைக்குத் தலைப்பே கிரேக்கத்தில் இருக்கும், 'ஒரு துளி மது' என்று பொருள். கடலில் ஊற்றிய ஒரு துளி மது கடல் முழுக்கப் பரவிவிடும் என்பது பழைய ஸ்டோயிக் தத்துவவாதிகளின் வாதம். லேயோபோல்ட் அதை எடுத்துக்கொண்டு, ஓர் ஆப்பிள் விழுந்தால் பிரபஞ்சமே லேசாக அசைகிறது என்று போய், பழங்கிரேக்கப் பெண்கவிஞர் சாஃபோவின் மனசுக்குள் வந்து நிற்பார். தத்துவப் பாடத்தில் ஒரு வரி, கவிதையில் ஒரு கடல். இப்படி ஒருவர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு, புலமையும் கவிதையும் வேறுவேறு அறையில் இருப்பவை என்று யார் சொல்லி நம்பவைக்க முடியும்? லேயோபோல்ட் பிறந்தநாளும் மே 11-தான். சரியாக 40 வருடம் மூத்தவர். எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்புறம் லைடனிலும் உட்ரெக்டிலும் படிப்பு, காம்பனில் ஆசிரியர் வேலை. முதல் தொகுப்பு 'கோஸ்மோஸ்' வந்தது 1940 மே மாதம். ஜெர்மன் படை நாட்டுக்குள் நுழைந்தது மே 10. மறுநாள் அவருக்கு 35 வயது. அந்த மாதத்தில் கவிதைப் புத்தகத்தை யார் புரட்டியிருப்பார்கள்! ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருந்த 1942-இல் ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸின் காவியத்தில் முதல், ஐந்தாம் நூல்களை மொழிபெயர்த்து உட்ரெக்டில் முனைவர் பட்டம் வாங்கினார்.

அந்தக் காலத்துக் கவிதை ஒன்றை நீங்கள் அவசியம் படிக்கவேண்டும். பெயர் 'காரியோன்'. கோபுரத்தில் வரிசையாக மணிகளைத் தொங்கவிட்டு, கீழே கட்டைகளை முஷ்டியால் அடித்து வாசிப்பார்களே, அது. உங்கள் ஊரிலும் கேட்டிருப்பீர்கள். போர் ஆண்டு 1941. தெருவில் மனிதர்கள் வறுமையோடும் சாம்பல் பூத்த முகத்தோடும் போகிறார்கள். மேலே மணிகள் ஒலிக்கின்றன. முகங்களில் ஒரு கவனிப்பு, ஒரு கீற்று வெளிச்சம். கோபுரம் வாசிப்பது வலேரியஸ் பாட்டு. ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்துப் போராடிய காலத்துப் பாட்டுகளைத் தொகுத்தவர் அவர், 1626-இல் வந்த புத்தகம். மணிக்கு வார்த்தை கிடையாது. கீழே நிற்பவர்களுக்கோ வார்த்தை மனப்பாடம். ஓர் அந்நியப் படையின் கண்முன்னால் இதைவிட நாசூக்காக எதைச் சொல்லமுடியும்? எங்களிடமிருந்து பறிக்கப்பட்டதை இவ்வளவு கசப்போடு நான் நேசித்ததே இல்லை என்று முடியும். அடுத்த ஓரிரு ஆண்டில் ஜெர்மானியர்கள் ஆயிரக்கணக்கான தேவாலய மணிகளைக் கழற்றி உருக்கக் கொண்டுபோனார்கள்.

'பறிக்கப்பட்ட' என்பதற்கு அவர் போட்ட டச்சுச் சொல் 'ஒன்ட்நோமன்'. அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நூலகம், வாசிப்பு என்று பேச்சு வந்தாலே டச்சுக்காரர்கள் எடுக்கும் இன்னொரு கவிதையும் இவருடையதுதான். அது 'இது நம்மிடமிருந்து பறிக்கப்படுவதில்லை: படிப்பது' என்று தொடங்கும். அதே சொல். முதலாவதைப் படிக்காமல் இரண்டாவதைப் படிப்பவருக்கு அது புத்தகக் கண்காட்சி வாசகம் மாதிரிதான் தெரியும். மணியைக் கேட்டுவிட்டு வந்தால் அந்த 'இது'வில் அழுத்தம் விழும்.

உங்கள் 'பண்டிதர்' சந்தேகத்துக்கு இன்னும் ஒரு சாட்சி. லத்தீன் கவிஞர் வர்ஜிலின் 'ஜார்ஜிக்ஸ்' பயிர், மரம், ஆடுமாடு, தேனீ பற்றிய நான்கு பகுதிக் காவியம். 1949-இல் அதை மொழிபெயர்த்தபோது அவர் வைத்த தலைப்பு, நம் ஊர்க் கணக்கில் வெறும் 'விவசாயம்'. பால் கறப்பவரும் பயன்படுத்தும் சாதாரணச் சொல்.

1951-இல் 'ஓர் ஆசிரியரின் சானட்டுகள்' (பதினான்கு வரிக் கவிதைகள்). 'ஆசிரியை' என்று போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டு பில்ட்ஹோவனில் கேஸ் பூக நடத்திய சோதனைப் பள்ளிக்குப் போய், 1963 வரை அங்கே இருந்தார். பள்ளி வாசலில் உட்கார்ந்திருக்கும் சிறுமியிலிருந்து பத்துப் பத்து மடங்காக விலகி அண்டவெளி வரை போகும் படப்புத்தகத்தைச் செய்தவர் அந்த பூகதான். பிறகு மரியும் அவரும் எபிரேயம் கற்றுக்கொண்டு பைபிளின் சங்கீதங்கள் 150-ஐயும் டச்சில் கொண்டுவந்தார்கள், 1972-இல். கத்தோலிக்க மடங்களில் அதைப் பாடுகிறார்கள். இத்தனைக்கும் இருவரும் கத்தோலிக்கர்கள் அல்லர். 1979-க்கான பே.சே. ஹோஃப்ட் பரிசு, டச்சு இலக்கியத்தின் பெரிய விருது, கிடைத்தது. கடைசிக் காலம் நன்றாக இல்லை. கண் மங்கி, யாரைப் பார்த்தாலும் சந்தேகமாகி, 1997-இல் போய்ச் சேர்ந்தார்.

எதிலிருந்து தொடங்குவது? மொத்தக் கவிதைகளும் சேர்ந்த தொகுப்பு அங்கே பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும். முதல் பக்கத்திலிருந்து போகவேண்டாம், 'காரியோன்' இருக்கும் 1945 தொகுப்பிலிருந்து போங்கள். அகராதி போதும். அவர் அரிய சொல்லால் தடுக்கமாட்டார், வாக்கிய அமைப்பில்தான் ஒருநிமிடம் நிறுத்துவார்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இப்போதைக்கு இலக்கணம் கேட்காதீர்கள். சில மாதம் போகட்டும். ஒருநாள் அவராகக் காபிக்குக் கூப்பிட்டால், கடைசி இரண்டு வரியை மட்டும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். முன்வரியில் 'ஸேயன்', கடல்கள். பின்வரியில் அதோடு இயையும் 'ட்வேயன்', இருவர். ஏழு முறை, இருவராக நிற்க. அந்த 'நிற்க'வும் முடியாத வினைதான்.