போக்கரில் தொடர் தோல்வி: வளையலை அடகு வைத்துத் தாங்கலாமா?

கேள்வி: சேலத்தில் வீட்டோடு சேர்ந்த சின்னக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டை வியாபாரி வெள்ளி கொடுப்பார். கொலுசாக்கி எடை போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். மாதம் 32,000 ரூபாய் நிற்கும். நண்பர் சொல்லி, வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ஆன்லைன் போக்கர் ஆடுகிறேன். பணத்தை ஏஜென்ட்டின் யுபிஐக்கு அனுப்புவேன். முதலில் 11,000 வந்தது. அப்புறம் 74,000 போய்விட்டது. ஒரே வாரத்தில் மூன்று தடவை, கையில் வரக்கூடியதிலேயே பலமான சீட்டான ஏஸ் ஜோடி வைத்திருந்தும் தோற்றேன். கையிலிருந்த ரொக்கம் இதில் போனதால் மளிகை, பெட்ரோல் எல்லாம் கிரெடிட் கார்டில் ஓடி 40,000 பாக்கி நிற்கிறது. தளத்தில் இன்னும் 6,200 இருக்கிறது. தோல்வியைத் தாங்கப் பெரிய முதல் வேண்டும் என்கிறார்கள். மனைவியின் இரண்டு பவுன் வளையலை அடகு வைத்து ஒரு லட்சம் ஒதுக்கினால் சமாளிக்கலாமா?

பதில்: வேண்டாம். வளையலில் கை வைக்கும் முன் எழுதிக் கேட்டீர்களே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

ஏஸ் ஜோடியிலிருந்தே தொடங்குகிறேன். எதிராளியிடம் ராஜா ஜோடி இருந்தால்கூட ஏஸ் ஜோடி 100க்கு சுமார் 82 தடவை ஜெயிக்கும். மீதி 18 தடவை தோற்கத்தான் செய்யும். ஆக, அந்த மூன்று தோல்வியை வைத்து நீங்கள் மோசமாக ஆடுகிறீர்கள் என்று சொல்ல முடியாது. அதேபோல முதலில் வந்த 11,000-ஐ வைத்து நன்றாக ஆடினீர்கள் என்றும் சொல்ல முடியாது. அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கப் பல்லாயிரம் கைகள், அதாவது சீட்டுப் போட்டு ஆடும் சுற்றுகள், ஆடியிருக்க வேண்டும். ஒரு டேபிளில் மணிக்கு 70 கை என்றால், 20,000 கைக்கே 285 மணி நேரம் ஆகும். புதிதாக ஆடுபவருக்கு அந்தக் கணக்கு கிடைப்பதற்குள் பணம் தீர்ந்துவிடும்.

பெரிய முதல் வேண்டும் என்று சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். 1,000 ரூபாயோடு உட்காரும் டேபிளுக்கு அதைப்போல முப்பது மடங்காவது கையில் இருக்க வேண்டும் என்பது பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அது, நீண்ட காலத்தில் லாபம் பார்க்கிறார் என்று ஏற்கெனவே தெரிந்த ஆட்டக்காரருக்குப் பொருந்தும். தோற்றுக்கொண்டிருப்பவர் கையில் ஒரு லட்சத்தைக் கொடுத்தால், அது கரைய இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான். பழகியவர்கள் தொடர்ந்து தோற்றால் சின்ன டேபிளுக்கு இறங்குவார்கள், ஆடிய கைகளை உட்கார்ந்து அலசுவார்கள். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று தொகையை ஏற்ற மாட்டார்கள்.

இதோடு பந்தயப் பணத்திலிருந்து தளம் எடுக்கும் கமிஷனான ரேக்கையும் பாருங்கள். இரண்டு பேர் ஆளுக்கு 500 போட்டு ஆடி, தளம் 5 சதவீதம் எடுத்தால் ஜெயித்தவருக்கு 950 தான் வரும். சம திறமையுள்ள இருவர் மாறி மாறி ஜெயித்தாலும் கடைசியில் இருவர் கையும் காலி. பட்டறையில் சேதாரத்தைக் கணக்கில் எடுக்காமல் நீங்கள் கூலி பேசுவீர்களா? ரேக்கும் அப்படித்தான்.

தோல்வியைவிட எனக்குப் பயம் தருவது அந்த ஏஜென்ட். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. போக்கரும் ரம்மியும் அதில் அடக்கம். ஆட்டத்தை நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லைதான், ஆனால் உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பும் இல்லை. நீங்கள் ஜெயித்து எடுக்கும் பணம் யாரோ ஒருவருடைய கணக்கிலிருந்து வரும். அது எங்கேயோ ஏமாற்றப்பட்ட ஒருவரின் பணமாக இருந்தால், சைபர் கிரைம் புகாரில் உங்கள் கணக்கை முடக்குவார்கள். வியாபாரி கூலி போடுவதும் அதே கணக்கில்தானே? ஐயாயிரம் ஜெயித்ததற்காக மாசக்கணக்கில் வங்கிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைய வேண்டிவரும்.

வரியும் உங்கள் பக்கம் இல்லை. ஆன்லைன் விளையாட்டில் நிகர லாபத்துக்கு 30 சதவீதம், அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி தனி. நட்டம் வந்தால் அதைப் பட்டறை வருமானத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது.

இப்போது கிரெடிட் கார்டுக்கு வருவோம். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 40,000-க்கு 1,400 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252. மாதம் 1,652 ரூபாய் சும்மா போகிறது. மனைவியிடம் முழுவதையும் சொல்லுங்கள். அவர் மனதார ஒப்புக்கொண்டால், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ 40,000-க்கு மட்டும் நகைக்கடன் வாங்கி, அன்றைக்கே கார்டை அடைத்துவிடுங்கள். வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால்கூட மாத வட்டி 333 தான். மாதம் 5,000 கட்டினால் ஒன்பது மாதத்தில் வளையல் வீட்டுக்கு வந்துவிடும். அவருக்கு இஷ்டமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். பாக்கியைத் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கார்டு கொடுத்த வங்கியிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் மேசையில் இருக்கும் வெள்ளி வியாபாரியுடையது. ராத்திரி தோற்றுவிட்டுத் தூக்கம் வராமல் கிடக்கும்போது கை அந்தப் பக்கம் போகத் துடித்தால், அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம். ஆட்டத்தின் மேல் உண்மையாகவே ஆசை என்றால், பணமில்லாத டேபிளில் ஆடி ஆசை தீரக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.

தளத்தில் மீதி இருக்கும் 6,200-ஐ எடுக்கப் பார்க்க வேண்டாம். 'கொஞ்சம் போட்டால்தான் எடுக்க முடியும்' என்று ஏஜென்ட் சொன்னாலும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அதையும் நட்டத்தில் எழுதிவிட்டு, அவர் எண்ணை இன்றைக்கே பிளாக் செய்யுங்கள்.