கருப்புத் திரையில் பையன் என்ன செய்கிறான்? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

மகன் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. கூடப் படிப்பவர்கள் ஜாவா, பைத்தான் என்று வகுப்புக்குப் போகும்போது இவன் மட்டும் ராத்திரி ஒரு மணி வரை லினக்ஸில் எதையோ கம்பைல் செய்துகொண்டிருக்கிறான். ஒரே கட்டளையில் இறங்கிவிடும் மென்பொருளுக்கு எதற்கு இத்தனை பாடு, இதை வைத்து வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. கம்பைல் என்றால், மனிதர் எழுதிய மூலநிரலை (சோர்ஸ்) கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது. சோர்ஸிலிருந்து கம்பைல் செய்ய ஆள் தேவை என்று யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. பெரும்பாலான நிறுவனங்களில் சர்வர் மென்பொருள் ஏற்கெனவே கட்டி முடித்த பேக்கேஜாகவோ, தேவையானதையெல்லாம் சேர்த்துக் கட்டிய டாக்கர் இமேஜாகவோதான் வந்து இறங்குகிறது. ஆனால் ராத்திரி சர்வர் படுத்துவிட்டால் ஏன் படுத்தது என்று கண்டுபிடிக்கிறவருக்கு எப்போதும் இடம் உண்டு. கம்பைல் செய்வது அதற்கு நல்ல பயிற்சி, ஒழுங்காகச் செய்தால். ஒழுங்காகச் செய்கிறானா என்பதை நீங்களே சோதிக்கலாம், கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

என்ஜின்எக்ஸை எடுத்துக்கொள்வோம். 2004-இல் வெளியான வெப் சர்வர், அதாவது கேட்பவருக்கு இணையப் பக்கங்களை அனுப்பும் மென்பொருள்; சி மொழியில் எழுதியது. சோர்ஸைப் பிரித்து, தேவையானவை இருக்கின்றனவா என்று பார்க்கும் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்டை ஓட்டி, கட்டுவதற்கு ‘மேக்’, பிறகு நிறுவுவதற்கு ‘மேக் இன்ஸ்டால்’ கொடுக்க வேண்டும். சாதாரண லேப்டாப்பில் சில நிமிடங்களில் முடியும். ராத்திரி ஒரு மணி ஆகிறதென்றால் நேரம் போவது வேறெங்கோ.

அநேகமாக இங்கேதான். கான்ஃபிகர், பிசிஆர்இ லைப்ரரி (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல் தொகுப்பு) இல்லை என்று சொல்லி நின்றுவிடும். பையன் பார்த்தால் லைப்ரரி ஏற்கெனவே கணினியில் இருக்கும். ஓடுவதற்கு வேண்டிய லைப்ரரி வேறு, கம்பைல் செய்வதற்கு வேண்டிய ஹெடர் ஃபைல்கள் வேறு. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் இரண்டாவது, பெயர் ‘டெவ்’ என்று முடியும் தனிப் பேக்கேஜில் இருக்கிறது. பிசிஆர்இ2, இசட்லிப், ஓப்பன்எஸ்எஸ்எல் மூன்றுக்கும் டெவ் பேக்கேஜ், கூடவே கம்பைலர் முதலியவற்றைத் தரும் ‘பில்ட்-எசென்ஷியல்’ போட்டால் தடை நீங்கும்.

அடுத்தது பலர் வழுக்கும் இடம். கான்ஃபிகர் வெற்றிகரமாக முடிந்ததும் கடைசியில் ஒரு சுருக்கம் காட்டும். அதில் ‘ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி பயன்படுத்தப்படவில்லை’ என்று ஒரு வரி. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் லைப்ரரி. அதைப் பயன்படுத்தும் எச்டிடிபிஎஸ் மாட்யூலைச் சேர் என்று நாம் தனியாகச் சொன்னால்தான் சேரும். சொல்லாவிட்டால் அது பாட்டுக்கு அது இல்லாமலே கட்டி முடித்துவிடும். எர்ரர் எதுவும் வராது. பிறகு 443 போர்ட்டில் (எச்டிடிபிஎஸ்ஸுக்கான வாசல் எண்) எஸ்எஸ்எல் கேட்கும்போதுதான் அந்த மாட்யூல் வேண்டும் என்று முறைக்கும். முதல் நாளே அந்த வரியைப் படித்தவனுக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.

ஆகவே உங்கள் முதல் கேள்வி: ‘எர்ரர் வந்தப்ப முதல் வரியைப் பார்த்தியா, கடைசி வரியைப் பார்த்தியா?’ முதலில் வந்த எர்ரர்தான் பெரும்பாலும் காரணம், பின்னால் வருவது அதன் விளைவு. ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இதற்கு நல்ல உதாரணம். கம்பைலரே இல்லாத கணினியில் மேக் கொடுத்தால் தோற்றுப்போகும். கம்பைலரைப் போட்டுவிட்டு மறுபடி கொடுத்தால் இப்போது நினைவகத்தைக் கையாளும் ‘ஜெமல்லாக்’ லைப்ரரியின் ஹெடர் காணோம் என்று புதிதாக ஒரு புலம்பல். அந்த ஹெடர் சோர்ஸுக்குள்ளேயே வருவதுதான். முதல் முயற்சி பாதியில் விட்டுப்போன மிச்சம்தான் குழப்புகிறது. ‘மேக் டிஸ்ட்க்ளீன்’ கொடுத்துத் துடைத்துவிட்டு ஆரம்பித்தால் சரியாகிவிடும். இதை இணையத்தில் தேடி ஒட்டிவிட்டுப் போகிற பையனும், ஏன் என்று சொல்லத் தெரிந்த பையனும் நேர்காணலில் இரண்டே நிமிடத்தில் பிரிந்துவிடுவார்கள்.

என்ஜின்எக்ஸை ஓட்டும்போது வரும் எர்ரர் எண்களையும் கேட்டுப் பாருங்கள். 13 என்றால் அனுமதி இல்லை: 1024-க்குக் கீழ் உள்ள போர்ட்டைச் சாதாரணப் பயனர் பிடிக்க முடியாது. 98 என்றால் அந்த போர்ட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் முன்பு ஆப்ட் (பேக்கேஜை இறக்கி நிறுவும் கட்டளை) வழியாகப் போட்ட இன்னொரு என்ஜின்எக்ஸ்தான். ஒரே கணினியில் இரண்டு இருந்தால், ஒன்றின் அமைப்பு ஃபைலை (கான்ஃபிக்) திருத்திவிட்டு மற்றதை ரீலோட் செய்து, மாற்றம் ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வது வழக்கமான கதை.

இதோடு நின்றுவிட்டால் அது பொழுதுபோக்கு. வேலைக்குரிய பாதி இனிமேல்தான். கணினியை அணைத்துப் போட்டால் அந்தச் சர்வர் தானாக எழுந்துவருமா? லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்துவது சிஸ்டம்டி; அதற்கான குறிப்பு யூனிட் ஃபைல். சோர்ஸில் கட்டியதற்கு அதைக் கையால் எழுத வேண்டும். என்ஜின்எக்ஸ் வழக்கமாகத் தன்னைப் பின்னணிக்கு அனுப்பிக்கொள்ளும். யூனிட்டில் வகையை ‘ஃபோர்க்கிங்’ என்று போடாமல் ‘சிம்பிள்’ என்று போட்டால், முதல் பிராசஸ் முடிந்ததைப் பார்த்து சர்வீஸே முடிந்தது என்று சிஸ்டம்டி மற்றதையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

பாதுகாப்புத் திருத்தம் வந்தால்? பேக்கேஜாக இருந்தால் அப்டேட் பார்த்துக்கொள்ளும். கையால் கட்டியதற்குக் கட்டியவன்தான் பொறுப்பு. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, லைப்ரரியை வெளியே இருந்து எடுத்துக்கொள்ளும்படி கட்டியவர்களுக்கு பேக்கேஜைப் புதுப்பித்து சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் போதும். உள்ளேயே சேர்த்துக் கட்டியவர்கள் முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும். எந்த ஆப்ஷன்களோடு கட்டினோம் என்று குறித்துவைக்காதவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள். என்ஜின்எக்ஸுக்குப் பெரிய எழுத்து வி (-V) கொடுத்துக் கேட்டால் அது தானே சொல்லும், எல்லா மென்பொருளும் அவ்வளவு தயவு காட்டாது.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் வந்தது: ஃபைல்களைச் சுருக்கும் அந்த மென்பொருளுக்குள் யாரோ ரகசியப் பின்வாசல் வைத்திருந்தார்கள். வெளியீட்டு டார் ஃபைலில் (சோர்ஸைக் கட்டிக் கொடுக்கும் மூட்டை) இருந்த ஒரு பில்ட் ஸ்கிரிப்ட் வரி, எல்லோரும் பார்க்கும் ‘கிட்’ (Git) களஞ்சியத்தில் இருந்த சோர்ஸில் இல்லை. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து நூல் பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர். பில்ட் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர் கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும். தம்பியிடம் இதைப் படிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தைவிட வேகமாகப் படிப்பான்.

இனி வேலை. லினக்ஸ் அட்மின் (சர்வர்களைப் பராமரிப்பது), டெவ்ஆப்ஸ் (மென்பொருளைக் கட்டி சர்வரில் இறக்கி ஓட்டுவது), எம்பெடட் லினக்ஸ் (கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸ்) ஆகியவைதான் இந்தப் பழக்கம் நேராக உதவும் வழிகள். முதல் இரண்டில் புதியவருக்கு ஆரம்பம் பெரும்பாலும் ஷிஃப்ட்டில் சப்போர்ட் வேலைதான், அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். எம்பெடடுக்கு சி மொழி கட்டாயம். ரெட்ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் சான்றிதழான ஆர்எச்சிஎஸ்ஏ, செய்முறைத் தேர்வு. அதில் கேட்பது பேக்கேஜ் மேலாண்மை, சிஸ்டம்டி, ஸ்டோரேஜ், எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கு) போன்றவை. கம்பைலில் மட்டும் மூழ்கியவன் அங்கே தோற்பான். பணம் கட்டுவதற்கு முன் இவற்றைத் தொட்டிருக்கிறானா என்று பாருங்கள்.

புது லேப்டாப் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம். 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க் கொடுத்த விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு மென்கணினி) இந்த வேலைக்குப் போதும். பெரிய சி++ மென்பொருள் கம்பைல் ஆகும்போது ‘கில்டு’ என்று நின்றால் அது ரேம் தீர்ந்து லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் கொன்றது; ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

ரெஸ்யூமில் ‘லினக்ஸ் தெரியும்’ என்ற வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். ‘டெபியனில் என்ஜின்எக்ஸை சோர்ஸிலிருந்து எஸ்எஸ்எல் மாட்யூலோடு கட்டினேன், யூனிட் ஃபைல் எழுதினேன், சேவை நிற்காமல் அடுத்த பதிப்புக்கு மாற்றினேன்’ என்று எழுதி, செய்த படிகளையும் பட்ட பிழைகளையும் கிட்ஹப் (நிரல்களைப் பொதுவில் வைக்கும் தளம்) தளத்தில் வைக்கட்டும். அதைப் பார்த்து வேறொருவர் அதே கணினியைத் திரும்பக் கட்ட முடிய வேண்டும்.

அரியர் இருந்தால் மட்டும் இதெல்லாம் வார இறுதிக்குப் போகட்டும். கேம்பஸில் முதல் வடிகட்டியே அரியரும் ஆப்டிட்யூடும்தான். அந்தக் கட்டத்தைத் தாண்டினால்தான் யூனிட் ஃபைலைப் பற்றிக் கேட்க ஒருவர் எதிரே உட்காருவார்.